முடிச்சுப் போட்டவர்கள்

அந்த வலை இப்போது அங்கே இல்லை. 2015ஆம் ஆண்டு மே மாதம் பாஸ்டன் நகரின் நடுவிலுள்ள ரோஸ் கென்னடி கிரீன்வே பூங்காவுக்கு மேலே அதை ஏற்றினார்கள், அக்டோபரில் இறக்கிவிட்டார்கள். செய்தவர் ஜேனட் எக்கல்மன் என்ற அமெரிக்கச் சிற்பி. 'ஆஸ் இஃப் இட் வேர் ஆல்ரெடி ஹியர்' என்று பெயர் வைத்திருந்தார். ஏற்கெனவே இங்கேயே இருந்ததைப் போல, என்று தமிழில் சொல்லலாம். சுற்றிலும் நின்ற உயரமான கட்டடங்களில் கயிறு கட்டி, 600 அடி நீளத்துக்கு, சாலைக்கும் புல்வெளிக்கும் மேலாக அது தொங்கியது. நூறு மைலுக்கு மேல் கயிறு, ஐந்து லட்சத்துக்கு மேல் முடிச்சுகள் என்று கணக்குச் சொன்னார்கள்.

அந்தக் கோடையில் மூன்று முறை போய்ப் பார்த்தேன். முதல் முறை மதிய வேளை. பக்கத்து அலுவலகங்களிலிருந்து சாப்பாட்டோடு வந்தவர்கள் புல்லில் மல்லாந்து படுத்திருந்தார்கள். பகலில் வலை அவ்வளவாகக் கண்ணில் படாது. வானம் வெளிறியிருந்தால் தண்ணீரில் சாயம் கரைந்தது போலத்தான் தெரியும். காற்று வந்தால்தான் அது இருப்பதே தெரியவரும். ஒரு மூலையில் எழும் அசைவு பரவி மறு மூலைக்குப் போய்ச் சேர்வதற்குள் முதல் மூலை வேறு பக்கம் சாய்ந்திருக்கும். இரவில் அது வேறு பொருள். கயிறுகளின் இழுவையை அளக்கும் கருவிகளைப் பொருத்தி, அதற்கேற்ப விளக்கொளி மாறும்படி செய்திருந்தார்கள். அண்ணாந்து பார்த்தபடி நடந்தவர்கள் ஒருவரோடொருவர் மோதிக்கொண்டு, மன்னிப்புக் கேட்டுவிட்டு, பேசிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். அந்த ஊரில் அது சாதாரணமாக நடப்பதல்ல.

பத்தாண்டுக்கு மேலான பின்பும் அதைப் பற்றி எழுத ஒரு காரணம் இருக்கிறது. எக்கல்மனின் வலைகளைக் காட்டும் ஒரு காணொளி நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அவ்வப்போது வந்து போகிறது. கூடவே ஒரு வரியும் வரும்: 'இது நம்ம மகாபலிபுரத்து மீனவர்களின் வலை.' பெருமையாகத்தான் அனுப்புகிறார்கள். அந்த வரியில் பொய் இல்லை. ஆனால் 'நம்ம' என்ற சொல்லை அவ்வளவு எளிதாகப் போட்டுக்கொள்ளும் உரிமை நமக்கு உண்டா என்பதும், அந்த வலையில் மீனவர்களுடையது சரியாக எது என்பதும் யாரும் நின்று யோசிக்காத கேள்விகள். இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியது.

*

முதலில் அந்தப் பூங்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். கிரீன்வே ஒரு காலத்தில் பூங்காவே அல்ல. 1950களில் நகரத்தின் நடுவே ஆறு தடங்கள் கொண்ட ஓர் உயர்மட்டச் சாலையை எழுப்பினார்கள். 1959இல் அது முழுமையாகத் திறந்தது. அதற்காக ஏறத்தாழ 20,000 பேரின் வீடுகள் போயின. சைனாடவுனில் குடியிருப்புகள் இடிந்தன. இத்தாலியர்கள் வாழ்ந்த நார்த் எண்ட் நகரத்திலிருந்து துண்டிக்கப்பட்டது. பிறகு 1991இல் 'பிக் டிக்' என்று பெயர்பெற்ற வேலை தொடங்கி, சாலையை நிலத்துக்கு அடியில் கொண்டுபோனார்கள். மேலே மிஞ்சிய நீண்ட பட்டை நிலம் 2008இல் பூங்காவாகத் திறக்கப்பட்டது.

எக்கல்மனின் வலை இந்த வரலாற்றை நன்றாகப் படித்துவிட்டுச் செய்யப்பட்டது. வலையில் ஓடிய நிறப் பட்டைகள் அந்தப் பழைய சாலையின் ஆறு தடங்களைக் குறித்தன. நடுவே இருந்த மூன்று பெரிய வெற்றிடங்கள் பாஸ்டனில் முன்பு இருந்த மூன்று குன்றுகளுக்கானவை. கடலைத் தூர்த்து நிலமாக்க அந்தக் குன்றுகளை வெட்டியெடுத்துக் கொட்டினார்கள். இல்லாமல் போன குன்றுக்கு, வலையில் இல்லாமல் விட்ட ஓர் இடம். பலகையைப் படிக்காதவருக்கு இது புரியாது என்பது உண்மை. ஆனால் படித்துவிட்டு அண்ணாந்து பார்த்தால், கல்லிலோ வெண்கலத்திலோ செய்ய முடியாத ஒரு நினைவுச்சின்னம் அது என்று தெரியும். கல்லில் செய்தால் இல்லாத குன்றுக்குப் பதிலாக இன்னொரு குன்றுதான் வந்து நிற்கும்.

ஆக, நினைவு வைத்துக்கொள்ளத் தெரிந்த கலைஞர் இவர். நூறு, இருநூறு ஆண்டுகளுக்கு முன் மறைந்த மண்ணுக்கும் தன் வலையில் இடம் ஒதுக்கத் தெரிந்தவர். அதனாலேயே அவர் எதை நினைவு வைத்துக்கொள்ளவில்லை என்று கேட்பது நியாயம் என்று நினைக்கிறேன்.

*

நூல் வேலை எதுவானாலும் ஆங்கிலத்தில் 'வீவிங்' என்ற ஒரே சொல்லைத் தாராளமாகப் புழங்குகிறார்கள். தமிழில் அப்படி இல்லை. துணியை நெய்கிறோம். ஓலையையும் கூடையையும் முடைகிறோம். சடையைப் பின்னுகிறோம். வலையையும் பின்னுகிறோம் என்றுதான் சொல்கிறோம். ஆனால் சடையில் முடிச்சு இல்லை, வலையில் முடிச்சுதான் எல்லாம்.

நெசவுக்குப் பாவும் ஊடையும் வேண்டும், தறி வேண்டும். வலைக்கு ஒரே நூல் போதும். நூல் சுற்றிய தட்டையான ஊசி ஒன்று, கண்ணியின் அளவு மாறாமலிருக்க ஒரு சின்னக் கட்டை. நூல் மேல் வரிசைக் கண்ணிக்குள் நுழைந்து, அதன் பின்னால் சுற்றி வந்து, தன்னையே மிதித்துக்கொண்டு இறுகும். இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு அது. ஓர் இழை அறுந்தாலும் ஓட்டை அந்த இடத்தோடு நிற்கும். பின்னலாடையைப் போல உருவிக்கொண்டு போகாது.

இதுவரை கைத்திறன். இதற்குமேல் இருப்பது கணக்கு. சமமான கண்ணிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டே போனால் தட்டையான வலைதான் வரும். மீன் போய்ச் சேரும் பை, அதாவது மடி, வேண்டுமென்றால் வலையைக் குறுக்க வேண்டும். இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒரே முடிச்சில் பிடித்தால் அந்த வரிசையில் ஒரு கண்ணி குறையும். ஒரு கண்ணியில் இரண்டு போட்டால் ஒன்று கூடும். எந்த வரிசையில் எத்தனை கூட்டுவது, எத்தனை குறைப்பது என்பதில்தான் வலையின் உருவம் இருக்கிறது. அதன்பின் வலையைக் கயிற்றில் கட்டுவது. நெருக்கிக் கட்டினால் தளர்ந்து தொங்கும்; அகட்டிக் கட்டினால் விறைத்து நிற்கும். மேல் கயிற்றில் மிதவை, கீழ்க் கயிற்றில் கனம். இவ்வளவும் மணலில் உட்கார்ந்து செய்வது. வலை விரிந்து உருவம் கொள்வதோ கண்ணுக்குத் தெரியாத நீருக்கு அடியில், ஓடுகிற நீரோட்டத்தில். மணலில் குவிந்து கிடக்கும் ஒரு துவண்ட பொருள், அசையும் நீரில் எப்படித் திறக்கும் என்று முன்கூட்டியே தெரிந்து செய்கிறவர் மீனவர்.

இப்போது பாஸ்டன் வலையை நினைத்துக்கொள்ளுங்கள். துவண்ட பொருள். சுற்றிலும் கயிறு. சில இடங்களில் கண்ணிகள் குறைந்து குவிகிறது, சில இடங்களில் கூடி விரிகிறது. அசையும் ஒன்றில் போட்டால்தான் உருவம் கொள்கிறது. நீருக்குப் பதில் காற்று. நான் சொல்ல வந்தது இதுதான்: எக்கல்மன் கடற்கரையிலிருந்து எடுத்துக்கொண்டது வெறும் பொருளையோ காட்சியையோ அல்ல. சிற்பத்தின் உருவத்தை உண்டாக்கும் முறையையே எடுத்துக்கொண்டார். அது ஓர் அறிவு. அந்த அறிவுக்கு உரியவர்கள் இருக்கிறார்கள்.

*

1997ஆம் ஆண்டுக் கதையை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அப்போது அவர் ஓவியர். ஃபுல்பிரைட் நிதியில் இந்தியா வந்து, ஓவியக் காட்சி நடத்த மகாபலிபுரம் போய்ச் சேர்ந்தார். அவருடைய வண்ணங்கள் வந்து சேரவில்லை. சிற்பத்துக்குப் பேர்போன ஊர் என்பதால் வெண்கல வார்ப்பை முயன்று பார்த்தார். கனமும் செலவும் கட்டுப்படியாகவில்லை. ஒருநாள் மாலை கடற்கரையில் நடக்கும்போது, மீனவர்கள் வலைகளை மணலில் குவித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தார். கனமில்லாமல் பெரிய உருவம் செய்ய இதுவே வழியென்று தோன்றியது. அந்த மீனவர்களோடு சேர்ந்து 'பெல்பாட்டம்ஸ்' என்ற வரிசையைச் செய்தார். அவற்றுள் ஒன்று 'வைட் ஹிப்ஸ்'. அகன்ற இடுப்பு என்று பொருள். தன் உருவம் என்றே அதைக் குறிப்பிட்டார். படம் எடுப்பதற்காகக் கழிகளில் உயர்த்திக் கட்டியபோது காற்றில் அவை அசைந்த விதம் அவரை மயக்கியது. பிற்பாடு செய்ததெல்லாம் அந்த அசைவிலிருந்து வந்தது.

இதை அவர் மறைக்கவில்லை என்பதை அழுத்திச் சொல்லவேண்டும். பல கலைஞர்கள் கற்ற இடத்தைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். இவர் மீனவர்களோடு சேர்ந்தே செய்ததாக மேடையிலேயே சொல்கிறார். அவரைத் திருடி என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வலை யாருடைய தனிச்சொத்தும் அல்ல. உலகத்தின் எல்லாக் கடற்கரைகளிலும் வலை உண்டு.

சிக்கல் அந்தக் கதை சொல்லப்படும் முறையில் இருக்கிறது. 2011ஆம் ஆண்டு டெட் மேடையில் அவர் ஆற்றிய உரையைக் கேளுங்கள். போர்ச்சுகலில் போர்ட்டோ நகருக்கு அருகே 2005இல் நிறுவிய பெரிய வலையைப் பற்றிச் சொல்லும் இடத்தில், பந்தயப் பாய்மரப் படகுகளுக்குப் பாய் வடிவமைக்கும் ஒரு பொறியாளர் வருகிறார். பீட்டர் ஹெப்பல் என்று பெயரோடு வருகிறார். துல்லியமான உருவத்துக்கும் மென்மையான அசைவுக்கும் அவர் எப்படி வழிகாட்டினார் என்று சொல்லப்படுகிறது. நல்லது. ஆனால் மகாபலிபுரத்துப் பகுதியில் ஒரு பெயரும் இல்லை. அங்கே 'மீனவர்கள்' மட்டும்தான். பாயின் உருவத்தைக் கணக்கிடத் தெரிந்தவர் நிபுணர். வலையின் உருவத்தைக் கணக்கிடத் தெரிந்தவர்கள் ஓர் அழகான மாலைக் காட்சியின் பகுதி. ஒருவரிடம் போய்க் கற்றார். மற்றவர்களைப் பார்த்து அவருக்கு ஏதோ தோன்றியது. இரண்டு இடத்திலும் அவர் பெற்றது ஒரே வகையான அறிவு என்பது கதையின் அமைப்பிலேயே மறைந்துவிடுகிறது.

*

எல்லாவற்றையும் கையால் முடிந்திருக்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. போர்ட்டோ வலைக்கே கைமுடிச்சு போதாது, சூறைக்காற்றைத் தாங்காது என்று முடிவுசெய்து, மீன்வலை செய்யும் ஒரு தொழிற்சாலையோடு சேர்ந்துகொண்டார் எக்கல்மன். பாஸ்டன் வலைக்குப் பயன்பட்ட இழை, எடைக்கு எடை பார்த்தால் எஃகைவிடப் பதினைந்து மடங்கு வலுவானது. வலைப்பரப்பின் பெரும்பகுதி இயந்திரத்தில் வந்தது. கயிறுகளைப் பிரித்துக் கோத்து இணைப்பதும், துண்டுகளைச் சேர்த்துக் கட்டுவதும் மட்டும் கைவேலை. மனிதர்கள் நடமாடும் சாலைக்கு மேலே தொங்கும் பொருளுக்கு வேறு வழி இல்லை.

கைத்தொழில் அழிந்துவிட்டதே என்று அழும் விமர்சனத்தை இந்த இடத்தில் எழுதுவது சுலபம். கடற்கரை அதற்கு இடம் தராது. ஊருக்குப் போயிருந்தபோது அந்தக் கரையில் வலை கட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், இந்த வலையை யார் பின்னியது என்று கேட்டேன். ஏளனமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கடையில வாங்கறது வெறும் வலைத்துண்டு தம்பி. அதை வலையா ஆக்கறது நாங்கதான்."

இயந்திரத்தில் வந்த நைலான் பரப்பை வாங்கி, இந்த மீனுக்கு இந்தப் பருவத்துக்கு என்று அளவு பார்த்து வெட்டி, சேர்த்து, கயிற்றில் கட்டி, மிதவையும் கனமும் கோத்து, கிழிந்தால் பொத்துவது அவர்கள். எக்கல்மனின் பட்டறையில் கைக்கு மிஞ்சியிருக்கும் வேலையும் ஏறத்தாழ இதுவேதான். கடற்கரையும் பட்டறையும் ஒரே மாற்றத்தை ஒரே மாதிரி கடந்து வந்திருக்கின்றன. கிராமத்துக் கைவினை ஒரு பக்கம், நவீனத் தொழில்நுட்பம் இன்னொரு பக்கம் என்று கட்டுரையாளர்கள் வழக்கமாகப் போடும் கோடு இங்கே பொருந்தாது. பெரியவரும் சமகாலத்தவர்தான்.

*

அப்படியானால் பூங்காவில் வைக்கும் ஒரு கலைப்பொருள் அதைச் செய்த கைகளை எப்படித்தான் காட்ட முடியும்? வேறு இரண்டு வேலைகளை வைத்து இதை யோசித்துப் பார்க்கலாம்.

வட கரோலினாவைச் சேர்ந்த பேட்ரிக் டோஹர்ட்டி மரத்தின் இளங்கிளைகளை முடைந்து குடில்களும் கோபுரங்களும் செய்கிறவர். 1980களில் தொடங்கி முந்நூறுக்கு மேல் செய்திருக்கிறார். ஹூஸ்டனின் ஹெர்மன் பார்க்கில் 2014இல் ஒன்று, ஆஸ்டினின் பீஸ் பார்க்கில் 2018இல் ஒன்று. டெக்சஸில் இருக்கும் நம் வாசகர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கக்கூடும். ஓர் ஊருக்குப் போனால் ஏறத்தாழ மூன்று வாரம் தங்குவார். அந்த ஊர்க்காரர்கள் முன்வந்து கிளை வெட்டுவார்கள், இலை உருவுவார்கள், அவரோடு நின்று முடைவார்கள். வேலை பூங்காவிலேயே, எல்லாருடைய கண்முன்னால் நடக்கிறது. தினமும் நாயோடு நடக்க வருகிறவருக்கும் அது இன்று எவ்வளவு வளர்ந்தது என்று தெரியும். முடித்த பிறகு இரண்டு ஆண்டுபோல் நிற்கும். வளார் உலர்ந்து நைந்ததும் எடுத்துவிடுவார்கள்.

அந்தக் குடிலுக்குள் போய்ச் சுவரைக் கிட்டத்தில் பார்த்தால், ஒரு வளாரை யாரோ இடப்பக்கம் வளைத்திருக்கிறார், பக்கத்திலிருந்தவர் அவசரத்தில் குத்திச் செருகியிருக்கிறார் என்று தெரியும். மேற்பார்வை டோஹர்ட்டியுடையதுதான், அவர் போட்ட பெருங்கோடுகளுக்குள்தான் மற்றவர்கள் முடைகிறார்கள். பெயரும் அவருடையதுதான். ஆனாலும் ஒரு பள்ளி ஆசிரியையோ ஓய்வுபெற்ற தச்சரோ எடுத்த சின்ன முடிவு சுவரில் அப்படியே நிற்கிறது. சமூகக் கலை என்று நாம் சொல்வதற்கு இதை ஓர் அளவுகோலாக வைக்கலாம் என்று தோன்றுகிறது. எத்தனை பேர் கை வைத்தார்கள் என்பதைவிட, கை வைத்தவர் எடுத்த முடிவு முடிந்த பொருளில் தங்கியிருக்கிறதா என்று பார்க்கலாம்.

இன்னொன்று நெசவு அல்ல, தையல். 1987 அக்டோபர் 11ஆம் தேதி வாஷிங்டன் நகரின் நேஷனல் மால் புல்வெளியில் எய்ட்ஸ் நினைவுத் துணிப்போர்வையை முதன்முறையாக விரித்தார்கள். 1,920 துண்டுகள். ஒவ்வொன்றும் மூன்றடிக்கு ஆறடி, ஒரு சவக்குழியின் அளவு. ஒவ்வொன்றிலும் நோயால் இறந்த ஒருவரின் பெயர். தைத்தவர்கள் தாய்மார், காதலர்கள், நண்பர்கள். அரசாங்கம் வாய்திறக்கத் தயங்கிய ஒரு சாவை, பெயர் பெயராகப் புல்லில் விரித்துக் காட்டினார்கள். அதைப் பெயர்களை நீக்கிவிட்டு நினைத்துப் பார்த்தால் வண்ணத் துணிகள்தான் மிஞ்சும்.

பாஸ்டன் வலையை இந்த இரண்டுக்கும் நடுவே வைத்துப் பார்த்தால் அதன் குறை துலங்குகிறது. அங்கே செய்யும் வேலை பூங்காவில் நடக்கவில்லை. எங்கேயோ செய்து கொண்டுவந்து ஏற்றினார்கள். முடிச்சுகள் எல்லாம் ஒன்றுபோல் இருப்பதால் யாருடைய கையும் அதில் தெரியாது. வலையின் இயல்பே அது, குற்றம் சொல்ல முடியாது. கை தெரியாத பொருளுக்குத்தான் பெயர்கள் கூடுதலாகத் தேவை. ஆனால் அங்கே பெயர்களும் இல்லை. குன்றுக்கு இடம் இருந்தது, சாலையின் தடத்துக்கு இடம் இருந்தது. வலை தோன்றிய கரைக்கு இடம் இல்லை.

*

இதைவிட என்னை உறுத்துவது ஓர் எண். எக்கல்மனின் வேறொரு வரிசைக்கு எண்களே தலைப்பு. 2010ஆம் ஆண்டு சிலி நாட்டு நிலநடுக்கம் பூமியின் சுழற்சியை மாற்றி, நாளின் நீளத்தை 1.26 மைக்ரோ வினாடி குறைத்ததாக நாசா விஞ்ஞானிகள் கணித்தார்கள். அதே ஆண்டு டென்வர் நகரில் அவர் ஏற்றிய வலையின் பெயர் '1.26'. 2011ஆம் ஆண்டு ஜப்பானைத் தாக்கிய நிலநடுக்கத்துக்கும் ஆழிப்பேரலைக்கும் அதே வகையில் 1.8 என்று கணக்கு வந்தது. 2016இல் லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு சர்க்கஸ் சந்திப்புக்கு மேலே '1.8', 2018இல் மாட்ரிட்டில் '1.78'.

உலகத்தின் ஒரு மூலையில் நடப்பது எல்லாரையும் பாதிக்கிறது என்ற கருத்தை இந்தத் தலைப்புகள் சொல்கின்றன. ஒரு முடிச்சு அசைந்தால் மொத்த வலையும் அசைகிறது என்பதோடு அது பொருந்தவும் செய்கிறது. ஆனால் ஒரு தமிழ் வாசகர் இந்த வரிசையைப் படிக்கும்போது 2004 டிசம்பர் 26ஐ நினைக்காமல் இருக்க முடியாது. அந்த நிலநடுக்கத்துக்கும் கணக்கு உண்டு: 2.68 மைக்ரோ வினாடி. எக்கல்மன் வலையைக் கற்றுக்கொண்ட அதே கரையில் அன்று கடல் ஏறியது. தமிழகக் கரையில் மாண்டவர்களில் பெரும்பகுதியினர் மீனவக் குடும்பத்தார். வாழ்ந்தவர்களின் படகும் வலையும் போயின. ஒரு கலைஞர் எல்லாப் பேரழிவுக்கும் ஒரு படைப்பைச் செய்துதான் ஆகவேண்டும் என்று யாரும் சட்டம் போட முடியாது. ஆனால் கடல் எடுத்துக்கொண்ட நேரத்தை எண்ணித் தலைப்பு வைக்கிறவருடைய வரிசையில், தனக்கு வலை தந்த கரையின் எண்தான் என் கண் முதலில் தேடியது.

*

இதுவரை எக்கல்மனைக் கேட்ட கேள்வியை இப்போது நம்மிடம் திருப்பவேண்டும். அந்த வாட்ஸ்அப் வரியில் 'நம்ம' என்று சொல்லிக்கொள்கிறவர்கள் யார்?

மாமல்லபுரம் கரையில் கடலுக்குப் போகிறவர்கள் பட்டினவர் சமூகத்தார். வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கத்து மேடைகளிலும் இலக்கியக் கூட்டங்களிலும் அவர்களை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்? என் வீட்டைச் சொல்கிறேன். கடலுக்குப் போனவர் எவரும் என் குடும்பத்தில் இல்லை. எங்களுடையது மீன் வாங்குகிற வீடு. கூடை சுமந்து வாசலுக்கு வந்த அம்மாவின் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது; பேரம் பேசும் குரல் மட்டும்தான் நினைவிருக்கிறது. முடிச்சைப் பற்றியும் மடியைப் பற்றியும் மேலே எழுதியவை எல்லாம் இந்த வலையைப் பார்த்த பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவை. அதாவது எனக்கும் அந்த அறிவு பாஸ்டனைச் சுற்றிக்கொண்டுதான் வந்து சேர்ந்தது. அமெரிக்கர் ஒருவர் எடுத்து வானத்தில் கட்டிய பிறகுதான் அது எனக்குக் கலையாகத் தெரிந்தது என்பதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

இங்கே பிறந்து வளரும் பிள்ளைகள் இந்தக் காணொளியைப் பார்த்துவிட்டு, 'ஒரு மீனவ கிராமம் ஒரு கலைஞருக்கு உந்துதல் தந்தது' என்ற ஒரு வரியோடு நின்றுவிடக்கூடும். உந்துதலை மலையும் தரும், மேகமும் தரும். மனிதர்கள் தந்தது பாடம். அவர்களுக்கு நாம் சொல்லிக் கொடுக்கவேண்டிய வேறுபாடு அது என்று நினைக்கிறேன். பெருமைப்படுவதென்றால் ஊர்ப்பெயருக்காகப் படவேண்டாம். கண்ணியைக் கூட்டியும் குறைத்தும் கண்ணுக்குத் தெரியாத நீரில் ஓர் உருவத்தைத் திறக்கவைக்கும் அந்தக் கணக்கைக் கற்றுக்கொண்டு படலாம்.

மாமல்லபுரத்துச் சிற்பங்களைப் பற்றிப் பேசும்போதும் பல்லவ மன்னர்களின் பெயரைத்தான் சொல்கிறோம். ஊரின் பெயரே மன்னனுடையது. ஆனால் ஊருக்குச் சற்று மேற்கே பூஞ்சேரியில் ஒரு பாறையில், பல்லவர் காலத்து எழுத்தில், சில பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. அங்கே வேலை செய்த கைவினைஞர்களின் பெயர்கள் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். கேவாத பெருந்தச்சன் என்பது அவற்றில் ஒன்று. ஆயிரத்து முந்நூறு ஆண்டு வாக்கில் அந்தப் பெயர் அங்கேயே இருக்கிறது.

கல்லில் பெயர் வெட்டலாம், நூலில் முடியாது. வலை பின்னுகிறவர்களின் பெயரைப் பக்கத்தில் நிற்கும் பலகையில்தான் எழுதவேண்டும். எக்கல்மன் எழுதலாம், அவர் வேலையை வாங்கிக் காட்டும் நகரங்கள் எழுதலாம், நம்மைப் போன்ற சிற்றிதழ்களும் எழுதலாம். 1997இல் அந்தக் கரையில் அவரோடு உட்கார்ந்து 'பெல்பாட்டம்ஸ்' வலைகளை முடிந்தவர்களில், அன்று முப்பது வயதில் இருந்தவர்களுக்கு இன்று அறுபதை ஒட்டிய வயது. அவர்களில் சிலர் இன்றும் அங்கே வலை பொத்திக்கொண்டிருக்கக்கூடும். அடுத்த முறை ஊருக்குப் போகிறவர்கள் கடற்கரைக் கோயிலைப் பார்த்துவிட்டு வடக்கே கொஞ்சம் நடந்து, படகுகள் நிற்கும் இடத்தில் விசாரித்துப் பார்க்கலாம்.